இரண்டாவது கையொப்பம்: சொந்தச் செலவில் வெளியான முதல் நாவல்கள்

கேள்வி

முதல் நாவலைத் தன் பணத்தில் அச்சிட்டு வெளியிடுபவரின் மனம் அந்த நாட்களில் எப்படி இருக்கிறது? இலக்கிய வரலாறு இந்தக் கேள்வியின் முன் அதிக நேரம் நின்றதில்லை. நூல் எந்த ஆண்டில் வந்தது, எத்தனை பதிப்புக் கண்டது, யார் பாராட்டினார்கள் என்பவை பதிவாகின்றன. அச்சுக்கூலியை யார் கொடுத்தார் என்பதும் சில நேரம் பதிவாகிறது. கொடுத்தவர் அதன்பின் எப்படிக் கணக்குப் பார்த்தார், யாரிடம் சொன்னார், யாரிடம் மறைத்தார் என்பவையோ வாழ்க்கை வரலாறுகளின் ஓரங்களில் ஒதுங்கிக் கிடக்கின்றன. அந்த ஓரக் குறிப்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் நாவலைத் தனியே எடுப்பதற்குக் காரணம் உண்டு. கவிதைத் தொகுப்பு அளவில் சிறியது. அதிலுள்ள கவிதைகள் பலவும் ஏற்கெனவே இதழ்களில் சிலர் கண்ணில் பட்டிருக்கும். நாவல் பல ஆண்டு உழைப்பை ஒரே கட்டாகக் கொண்டுவந்து வைக்கிறது. அதுவும் முதல் நாவல் என்றால், எழுதியவர் நாவலாசிரியர்தானா என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை. அந்தத் தீர்மானத்தைப் பிறர் சொல்லுமுன் தானே பணம் கட்டித் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை இங்கே ஏற்படுகிறது.

சான்றுகளுக்கு முதலில் ஆங்கில, அமெரிக்க, பிரெஞ்சு எழுத்தாளர்கள் சிலரை எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களும் கணக்குகளும் அவர்கள் விஷயத்தில் எஞ்சியிருப்பதே அதற்குக் காரணம். பிறகு தமிழ்ப் பதிப்புலகத்துக்கு வருகிறேன். அங்கே இதே செயலுக்கு வேறொரு மரபு இருந்தது. அந்த மரபு இக்கேள்விக்குத் தரும் விடையும் வேறு.

இரு விளக்கங்கள், ஒரே குறை

சொந்த வெளியீட்டைப் பற்றி வழக்கில் இருப்பவை இரண்டு விளக்கங்கள். ஒன்று அதைத் தற்பெருமையாகப் பார்க்கிறது: பதிப்பாளர்கள் ஏற்காத எழுத்தை, தன் பெயரை அச்சில் காணும் ஆசையால் ஒருவர் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறார். மற்றொன்று அதை வீரமாகப் பார்க்கிறது: காலம் புரிந்துகொள்ளாத மேதை, நிராகரித்தவர்களை மீறித் தன் நூலை உலகத்துக்குக் கொடுக்கிறார். முதல் விளக்கம் தோற்றவர்களுக்கும் இரண்டாவது வென்றவர்களுக்கும் பயன்படுகிறது. அதாவது, இரண்டுமே முடிவிலிருந்து பின்னோக்கிப் படிக்கின்றன. பணம் கட்டிய நாளில் அந்த எழுத்தாளருக்கு முடிவு தெரியாது. அவர் உணர்ந்ததை அறிய வேண்டுமானால் முடிவு தெரியாத அந்த இடத்தில்தான் நாமும் நிற்க வேண்டும்.

நூல் வரலாற்றாய்வாளர் ராபர்ட் டார்ன்டன் 1982இல் எழுதிய கட்டுரையில், ஒரு நூலின் வாழ்வை ஆசிரியர், பதிப்பாளர், அச்சிடுபவர், கொண்டுசேர்ப்பவர், விற்பவர், வாசகர் என்று சுற்றிவந்து மீண்டும் ஆசிரியரிடமே சேரும் சுழற்சியாக வரைந்து காட்டினார். அந்தச் சுழற்சியில் பதிப்பாளரின் பங்கைப் பொதுவாக முதலீடு, நிர்வாகம் என்றே புரிந்துகொள்கிறோம். உணர்வின் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் வேறொன்றும் செய்கிறார். ஆசிரியரோடு உறவோ கடமையோ இல்லாத ஒருவர், தன் பணத்தை வைத்து, இந்த நூல் வரலாம் என்று ஒப்புகிறார். நூல் தோற்றால் அந்தத் தோல்வியில் அவருக்கும் பங்கு உண்டு. இதை இரண்டாவது கையொப்பம் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். சொந்த வெளியீட்டில் அந்தக் கையொப்பம் இல்லை. அச்சம், வெட்கம், துணிச்சல், கணக்குப் பார்த்தல், ஒளித்துவைத்தல் ஆகிய எல்லாமே அந்த வெற்றிடத்தைச் சுற்றி எழுபவை என்பது என் கருத்து.

ஆஸ்டின்: நட்டத்துக்கென்று ஒதுக்கிய பணம்

ஜேன் ஆஸ்டினின் முதல் நாவலாக அச்சேறிய 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' 1811 அக்டோபர் 30 அன்று லண்டனில் வெளியானது. வெளியிட்டவர் தாமஸ் எகெர்ட்டன். வெளியிட்ட முறையோ ஆசிரியர் பொறுப்பு. அச்சு, தாள், விளம்பரம் ஆகிய செலவுகள் ஆசிரியர் கணக்கில் எழுதப்படும். விற்பனையிலிருந்து அவை ஈடுகட்டப்படும். குறைந்தால் ஆசிரியர் கட்ட வேண்டும், மிஞ்சினால் பதிப்பாளரின் தரகுபோக மீதி ஆசிரியருக்கு. மூன்று பாகங்கள் கொண்ட நூலின் விலை 15 ஷில்லிங். முகப்புப் பக்கத்தில் பெயர் இல்லை. 'ஒரு பெண்மணி எழுதியது' என்ற அளவில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது.

இதற்கு முந்தைய 14 ஆண்டுகளைக் கணக்கில் எடுக்காமல் அந்த மனநிலை விளங்காது. 1797 நவம்பரில் ஆஸ்டினின் தந்தை, பிற்பாடு 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' ஆக மாறிய நாவலைக் குறித்துக் கேடல் என்ற பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். ஆசிரியர் பொறுப்பில் வெளியிட்டால் என்ன செலவாகும் என்றும் அதில் கேட்டிருந்தார். கையெழுத்துப் படியைப் பார்க்கக்கூட விருப்பமின்றி மறு தபாலிலேயே மறுப்பு வந்தது. 1803இல் 'சூசன்' என்ற நாவலின் உரிமை 10 பவுண்டுக்குக் க்ராஸ்பி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் அதை அச்சிடவில்லை. 1809இல் புனைபெயரில் ஆஸ்டின் கேட்டெழுதியபோது, அதே 10 பவுண்டைத் திருப்பிக் கொடுத்தால் படியை எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அப்போது அவர் அதை மீட்கவில்லை. ஆக, முழு நிராகரிப்பையும் பாதிச் சம்மதத்தையும் ஆஸ்டின் அனுபவித்துவிட்டார். இவற்றில் பாதிச் சம்மதமே கொடியது என்று எனக்குத் தோன்றுகிறது. வேண்டாம் என்றவரிடமிருந்து நூல் திரும்பி வருகிறது. விலைக்கு வாங்கிக் கிடப்பில் போட்டவரிடமிருந்து அதுவும் வருவதில்லை. 1811இல் அவர் ஆசிரியர் பொறுப்பை ஏற்றதை இந்தப் பின்னணியில் படிக்கும்போது, அது நூலைத் தன் கையைவிட்டுப் போகவிடாத ஏற்பாடாகவும் தெரிகிறது.

அவர் அண்ணன் ஹென்றி, தங்கையின் மறைவுக்குப் பின் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு செய்தி உண்டு. விற்பனை செலவை ஈடுகட்டாது என்று உறுதியாக நம்பிய ஜேன், எதிர்பார்த்த நட்டத்துக்காகத் தன் மிதமான வருமானத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கிவைத்தாராம். தற்பெருமை விளக்கத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை. புகழாசை கொண்டவர் லாபத்தைக் கற்பனை செய்வார். இவர் தோல்விக்கு முன்கூட்டியே பணம் எடுத்துவைக்கிறார். தோல்வி வந்தால் யாரிடமும் கடன்படாமல், யாரையும் குற்றம் சொல்லாமல் கடந்துவிட வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

ஆனால் ஹென்றியின் சாட்சியத்தை அப்படியே ஏற்பதில் சிக்கல் உண்டு. அவர் தங்கையை அடக்கமே உருவானவராகக் காட்ட விரும்பினார். லாபத் தொகையைக்கூட 150 பவுண்டு என்று சற்றுக் கூட்டியே சொல்கிறார். ஜேன் 1813 ஜூலையில் இன்னொரு சகோதரர் ஃபிராங்குக்கு எழுதிய கடிதத்தில் அது 140 பவுண்டு. எல்லாப் பிரதிகளும் விற்றுவிட்டன என்று அதில் சொல்பவர், இதுவரை எழுத்தால் 250 பவுண்டு சேர்த்துவிட்டதாகவும் அது இன்னும் வேண்டும் என்ற ஆசையைத்தான் வளர்க்கிறது என்றும் வெளிப்படையாக எழுதுகிறார். அண்ணன் வரைந்த அடக்கமான பெண் இந்தக் கடிதத்தில் இல்லை. உழைத்துச் சம்பாதித்த ஒருவரின் நிறைவும் பசியும் அதில் இருக்கின்றன.

வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களைக் காட்டும் கடிதமும் ஒன்று எஞ்சியிருக்கிறது. 1811 ஏப்ரல் 25 அன்று, லண்டனில் ஹென்றியின் வீட்டில் தங்கி மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த ஜேன், அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதியது. நகர வாழ்க்கையின் பரபரப்பில் நாவலை மறந்துவிட்டாயா என்று அக்கா கேட்டிருப்பார் போலும். பால்குடிக் குழந்தையைத் தாய் மறப்பாளா என்ற பொருளில் தங்கை பதில் சொல்கிறார். திருத்துவதற்கு இரண்டு படிவங்கள் வந்திருப்பதையும், ஜூனில் நூல் வரும் என்ற நம்பிக்கை தனக்கு அநேகமாக இல்லை என்பதையும், அச்சிடுபவரை ஹென்றி விரட்டிக்கொண்டிருப்பதையும் எழுதுகிறார். நூல் அதன்பின் ஆறு மாதம் கழித்தே வந்தது. அந்த ஆறு மாதத்தின் பெரும்பகுதியைப் பற்றி நமக்குக் கடிதம் இல்லை. ஜேனின் கடிதங்களில் பெரும்பகுதியைக் கசாண்ட்ரா எரித்துவிட்டார். எஞ்சியவை 160 அளவில்தான். எரிந்தவற்றில் பயம் எவ்வளவு இருந்தது என்பதை எவரும் இனி அளக்க முடியாது. அவர் அமைதியாக இருந்தார் என்று முடிவு கட்டும் வாழ்க்கை வரலாறுகளை அதனால்தான் நான் தயக்கத்தோடு படிக்கிறேன்.

குடும்பவழிச் செய்தி ஒன்றையும் இங்கே சேர்க்கலாம். வாசகசாலை ஒன்றில் அண்ணன் மகள் அன்னா இந்த நாவலைக் கையில் எடுத்து, தலைப்பைப் பார்த்தே குப்பையாகத்தான் இருக்கும் என்று சொல்லிக் கீழே வைத்தாளாம். எழுதியவர் பக்கத்தில் நின்றிருந்தார், சொல்லவில்லை. இது நடந்தபடியே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறதா என்பது வேறு விஷயம். பெயர் போடாமல் வெளியிடுவதில் உள்ள பாதுகாப்பும் அதன் வலியும் இதில் ஒன்றாகவே இருக்கின்றன.

ஹாத்தோர்ன்: தானே அழித்த நூல்

அமெரிக்க நாவலாசிரியர் நத்தானியல் ஹாத்தோர்ன் கல்லூரிப் படிப்பை முடித்து மூன்றாண்டு கழித்து, 1828இல், 'ஃபான்ஷா' என்ற முதல் நாவலை பாஸ்டன் நகரில் வெளியிட்டார். சுமார் 100 டாலரைத் தானே கொடுத்தார். அவரும் பெயர் போடவில்லை.

பின்னர் நடந்ததுதான் நம் கேள்விக்கு முக்கியமானது. வெளியான சில காலத்திலேயே அவர் அந்த நூலை வெறுத்தார். கைக்கெட்டிய பிரதிகளைத் திரும்பப் பெற்று அழித்தார். கல்லூரித் தோழர் ஹொரேஷியோ பிரிட்ஜ், தன்னிடமிருந்த பிரதியை அவர் கேட்டுக்கொண்டபடி எரித்ததாகப் பதிவு செய்திருக்கிறார். மனைவி சோஃபியாவிடம்கூட ஹாத்தோர்ன் இந்த நூலைப் பற்றிச் சொல்லவில்லை. 1864இல் அவர் இறந்தபின் பிரதி ஒன்று வெளிப்பட்டபோது, தன் கணவர் அப்படியொரு நாவல் எழுதவே இல்லை என்று சோஃபியா மறுத்தார்.

இதை நிராகரிப்பின் காயம் என்று விளக்க முடியவில்லை. நூலுக்கு வந்த மதிப்புரைகள் கொடூரமானவை அல்ல. சாரா ஜோசஃபா ஹேல் தன் இதழில் அதைப் பாராட்டியே எழுதினார். பிறர் அவ்வளவாகக் குறை சொல்லாத நூலை ஆசிரியரே தீர்த்துக்கட்டினார். பதிப்பாளர் தேர்ந்தெடுத்த நூலாக இருந்திருந்தால், அது மோசம் என்று தோன்றும் கணத்தில்கூட, இன்னொருவருக்கு இது பிடித்திருந்ததே என்ற எண்ணம் ஒரு தடையாக நின்றிருக்கும். தானே எழுதி, தானே தேர்ந்து, தானே பணம் கட்டியவருக்கு அந்தத் தடை இல்லை. அவருடைய ரசனை முதிரும்போது தீர்ப்பும் அவர் ஒருவருடையதாகவே இருக்கிறது. 20 வயதுகளில் எழுதியவை எல்லாருக்கும் பிற்பாடு கூச்சம் தருபவைதான். ஆனால் 36 ஆண்டுகள், பின்னாளில் மனைவிக்கும் தெரியாமல், ஒரு நூலை மறைத்து வாழ்வதைக் கூச்சம் என்ற அளவில் வைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. இக்கட்டுரைக்காகப் படித்தவற்றில் என்னை மிகவும் வருத்தியது இதுவே.

கிரேன்: எதிர்பார்ப்பின் உயரம்

ஸ்டீபன் கிரேன் 1893இல், 21 வயதில், நியூயார்க்கின் ஏழ்மைக் குடியிருப்பில் வளரும் ஒரு பெண்ணைப் பற்றிய 'மேகி' நாவலை வெளியிட்டார். குடும்பச் சொத்தில் தன் பங்காகக் கிடைத்த பணம் இதற்குப் போயிற்று. 1,100 பிரதிகளுக்கு 869 டாலர் கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பதிப்பாளர் பெயர் நூலில் இல்லை. ஆசிரியர் பெயராக 'ஜான்ஸ்டன் ஸ்மித்' என்ற புனைபெயர் இருந்தது. மஞ்சள் அட்டை, விலை 50 சென்ட்.

கடைகள் வாங்கத் தயங்கின. ப்ரென்டானோ கடை 12 பிரதிகள் எடுத்து 10ஐத் திருப்பி அனுப்பியது. ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, மேம்பால ரயிலில் நூலை விரித்துப் படிப்பதுபோல் உட்காரவைத்தார் என்றொரு கதையும் வழங்குகிறது. உண்மையோ பொய்யோ, அந்தக் கதை நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது: வாசகரையே விலைக்கு வாங்கும் நிலைக்கு ஓர் எழுத்தாளர் வரலாம் என்பதை நாம் எளிதில் நம்பிவிடுகிறோம்.

நூல் எப்படிப் பரபரப்பை உண்டாக்கும் என்று தான் கற்பனை செய்து காத்திருந்ததையும், எவரும் கவனிக்காமலே அது விழுந்துபோனதையும் கிரேன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். திட்டுவார்கள் என்று அவர் தயாராக இருந்தார். அந்த நாளைய அமெரிக்காவில் அவர் எடுத்த பொருள் அப்படிப்பட்டது. மௌனத்துக்கு அவர் தயாராக இல்லை. சொந்தமாக வெளியிடுபவர்கள் பெரும்பாலும் இப்படித் தாக்குதலுக்கே கவசம் பூணுகிறார்கள். பதிப்பகத்தின் நூலுக்கும் மௌனம் நேரும், ஆனால் அங்கே அதைப் பகிர்ந்துகொள்ள ஆள் உண்டு: விற்பனையாளர் சரியில்லை, நேரம் சரியில்லை, பதிப்பாளர் உழைக்கவில்லை. தனியே வெளியிட்டவர் இந்தக் காரணங்களைச் சொன்னாலும் அவை எல்லாமே அவர் மேல்தான் வந்து விழுகின்றன.

கிரேனைக் காப்பாற்றியவை இரண்டு மூன்று பிரதிகள். தன் கைப்படக் குறிப்பெழுதி அவர் அனுப்பிய பிரதிகளைப் படித்த எழுத்தாளர் ஹாம்லின் கார்லண்டும், அன்றைய அமெரிக்க இலக்கியத்தில் செல்வாக்கு மிக்கவரான வில்லியம் டீன் ஹவெல்ஸும் ஆதரவாக நின்றார்கள். விற்பனைக்கு அதனால் உடனடி மாற்றமில்லை. ஆனால் இல்லாதிருந்த கையொப்பம் தாமதமாகக் கிடைத்தது. 1895இல் அவருடைய போர் நாவல் புகழ்பெற்றபின், 1896இல் ஆப்பிள்டன் பதிப்பகம் 'மேகி'யைத் திருத்திய வடிவில், இம்முறை அவர் பெயரோடு, கொண்டுவந்தது.

மறைக்கப்படுவது எது?

இதுவரை பார்த்த மூவரும் பெயரை மறைத்தவர்கள். எமிலி, ஆன் ப்ரோன்ட்டி சகோதரிகளும் அப்படியே. 1847 டிசம்பரில் 'வதரிங் ஹைட்ஸ்', 'ஆக்னஸ் கிரே' என்ற இரு முதல் நாவல்களையும் வெளியிட நியூபி என்ற பதிப்பாளரிடம் 50 பவுண்டு முன்பணம் கட்டிய அவர்கள், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்ற புனைபெயர்களில்தான் வந்தார்கள்.

இதை வைத்து அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவல்கள் பெயரின்றி வருவது வழக்கம். பெண்கள் பலரும் அப்படியே வெளியிட்டார்கள். பதிப்பாளரே பணம் போட்ட நாவல்களும் பெயரின்றி வந்தன. ஆகவே பெயர் மறைப்பு சொந்த வெளியீட்டுக்கே உரியது என்று வாதிட முடியாது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: தன் பெயரை அச்சில் காணும் ஆசைதான் சொந்த வெளியீட்டின் உந்துசக்தி என்றால், இத்தனை பேர் பணமும் கொடுத்துப் பெயரையும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

மார்சல் புரூஸ்ட் பெயரை மறைக்கவில்லை. பல பதிப்பகங்கள் மறுத்தபின், 'இழந்த காலத்தைத் தேடி' வரிசையின் முதல் பகுதியை 1913 நவம்பர் 14 அன்று பெர்னார் கிராஸே வழியாகத் தன் செலவில் வெளியிட்டார். பணத்துக்குக் குறைவில்லாதவர்; ஆஸ்டினின் கவலை அவருக்கு இல்லை. ஆனாலும் அவரிடம் ஒரு மறைப்பு இருந்தது. 2017இல் ஏலத்துக்கு வந்த கடிதங்கள் அதைக் காட்டின. நாளிதழ்களில் தன் நூலைப் புகழும் குறிப்புகள் வருவதற்காக அவர் பணம் கொடுத்திருக்கிறார். 'ஃபிகாரோ' முதல் பக்கக் குறிப்புக்கு 300 ஃபிராங்க். தானே எழுதிய புகழுரைகளைத் தன் கையெழுத்தின் தடயம் இல்லாதபடி தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

இந்தச் செய்தி வந்தபோது பலர் அதைத் தந்திரம் என்று சிரித்தார்கள். எனக்கு அதில் தெரிவது, இரண்டாவது கையொப்பத்தைத் தானே போட்டுக்கொள்ள நேர்ந்த ஒருவரின் அவதி. வேறொரு கை தன்னைப் பாராட்ட வேண்டும். அந்தக் கை இன்னும் வரவில்லை. வரும்வரை தன் கையையே வேறொருவர் கைபோலத் தோன்றச் செய்கிறார். உண்மையான கை வந்தது 1914 ஜனவரியில். தன் குழுவின் பதிப்பகம் அந்த நூலை மறுத்ததை அதன் மிகப் பெரிய தவறாக ஒப்புக்கொண்டு எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் கடிதம் எழுதினார்.

ஆக, மறைக்கப்படுவது சில சமயம் பெயர், சில சமயம் நூலே, சில சமயம் பணம். எல்லாவற்றிலும் பொதுவானது, தனக்காகத் தானே பேச வேண்டியிருக்கும் நிலையை வெளியில் தெரியவிடாத முயற்சி.

தமிழில் கையொப்பம்

தமிழ்ப் பதிப்பு வரலாறு இந்த வெட்கம் இயல்பானதுதானா என்று சந்தேகிக்க வைக்கிறது. 19ஆம் நூற்றாண்டுத் தமிழில் நூல் வெளியிட விரும்பியவர் முன்கூட்டியே ஆதரவாளர்களிடம் கையொப்பம் வாங்கினார். இத்தனை பிரதி எடுத்துக்கொள்கிறேன் என்ற வாக்குறுதி அது. பல நூல்களில் கையொப்பக்காரர் பெயர்ப் பட்டியலும் அச்சாயிற்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஊர் ஊராகக் கையொப்பம் திரட்டியதை 'என் சரித்திர'த்தில் விரிவாகவே சொல்கிறார். சி.வை. தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகள் ஏடு தேடிய துன்பத்தோடு பொருள் முட்டுப்பாட்டையும் மறைக்காமல் பேசுகின்றன. அவை பழைய இலக்கியப் பதிப்புகள், நாவல்கள் அல்ல. பெரும்புலவரின் காவியத்துக்காகக் கை நீட்டுவதும் தன் கதைக்காகக் கை நீட்டுவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: பணம் எங்கிருந்து வந்தது என்பது நூலின் முகத்திலேயே எழுதப்பட்டிருந்த காலம் ஒன்று நமக்கு இருந்தது. இரண்டாவது கையொப்பம் ஒருவருடையதாக இல்லாமல் நூறு பேருடையதாக இருந்தது.

இங்கிலாந்திலும் இந்த முறை இருந்தது. ஃபேனி பர்னி 1796இல் 'கமில்லா'வை இப்படித்தான் வெளியிட்டார். அதன் ஆதரவாளர் பட்டியலில் ஸ்டீவன்டன் ஊரின் செல்வி ஜே. ஆஸ்டின் பெயரும் இருக்கிறது. பிறருக்காகக் கையொப்பமிட்ட அவர் தன் நூலுக்கு அந்த வழியை எடுக்கவில்லை. அதற்கு முதலில் பெயரை வெளியிட வேண்டியிருந்திருக்கும்.

தமிழில் இந்த வழியை மிகப் பெரிய அளவில் கனவு கண்டவர் பாரதி. 1920இல் கடையத்திலிருந்து அவர் அனுப்பிய சுற்றறிக்கையில், தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றையும் 10,000 பிரதிகள் அச்சிடப்போவதாகச் சொல்லிக் கடன் கேட்டார். மண்ணெண்ணெய்போல, தீப்பெட்டிபோல அவை வீடு வீடாகப் பரவும் என்று நம்பினார். தன் நூலுக்குத் தானே பணம் தேடுவதில் ஒரு துளி வெட்கமும் அந்த அறிக்கையில் இல்லை. திட்டம் நிறைவேறவில்லை, அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

நாவலைப் பொறுத்தவரை, தமிழில் கையொப்பத்தின் இடத்தை இதழ்கள் எடுத்துக்கொண்டன. ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்து, வாசகரைச் சந்தித்த பிறகே 1896இல் நூலாயிற்று. பின்னர் பரிசுப் போட்டிகள் வந்தன: அகிலனின் முதல் நாவல் 'பெண்', ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' ஆகியவை 'கலைமகள்' பரிசு பெற்றவை. தொடரும் பரிசும் பணம் தந்ததோடு, புதியவருக்கு அறிமுகமற்ற ஒருவரின் ஒப்புதலையும் தந்தன. சிங்காரத்தின் அடுத்த நாவலுக்கு அத்தகைய துணை எளிதில் அமையவில்லை. 'புயலிலே ஒரு தோணி' 1972இல்தான் நூலாக வந்தது. அதன்பின் அவர் நாவல் எழுதவில்லை.

தொடர்கதைகளின் காலம் ஓய்ந்து, நூலக ஆணையை நம்பிய அச்சு பெருகியபோது, தமிழில் வேறொரு ஏற்பாடு பரவியது. ஆசிரியர் பணம் கொடுப்பார். நூல் பதிப்பகத்தின் பெயரில் வரும். இருவரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். மனைவி பெயரிலோ மகள் பெயரிலோ ஒரு பதிப்பகத்தைத் தொடங்கி அதன் முதல் வெளியீடாகத் தன் நாவலைக் கொண்டுவருவது இன்னொரு வழி. இரண்டில் பின்னது நேர்மையானது, ஆனால் வாசகர் மதிப்பில் முன்னதே உயர்ந்து நிற்கிறது. காசு கொடுத்துப் போட்டது என்று கிசுகிசுக்கப்படும் இடத்தில், கையொப்பக்காரர் பட்டியலைப் பெருமையோடு அச்சிட்ட மரபு முற்றிலும் மறந்துபோயிருக்கிறது.

இன்றைய மாற்றம்

எண்ணிம அச்சு வந்தபின் 50 பிரதி, 100 பிரதி என்று அச்சிட முடிகிறது. தேவைக்கேற்ப ஒற்றைப் பிரதி அச்சிடும் வசதியும் மின்னூலும் வந்துவிட்டன. முதலீடு குறைந்திருக்கிறது, வீட்டில் பிரதிக் கட்டுகள் குவிந்து கிடக்கும் அச்சமும் குறைந்திருக்கிறது. உணர்வுச் சுமை அதே விகிதத்தில் குறைந்ததா என்றால் இல்லை என்பேன். ஆஸ்டினுக்கு முதற்பதிப்பு தீர்ந்த செய்தி உறுதியாக ஏறத்தாழ இரண்டாண்டு ஆனது. அந்த இரண்டாண்டில் அவர் 'மான்ஸ்ஃபீல்டு பார்க்' எழுதிக்கொண்டிருந்தார். இன்று முதல் நாவலை மின்னூலாக ஏற்றியவர் அன்று மாலையே விற்பனைக் கணக்கைத் திறந்து பார்க்க முடியும். பார்க்காமல் இருக்க அவரால் முடிவதில்லை. கிரேன் அனுபவித்த மௌனம் இப்போது பூச்சியம் என்ற எண்ணாகத் திரையில் தினமும் தெரிகிறது. இரண்டாவது நூலுக்குத் தேவையான மறதியை இந்த வசதி பறிக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதற்கும் ஆஸ்டினே சான்று. 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' உரிமையை 1812இல் 110 பவுண்டுக்கு விற்ற அவர், பின்னர் 'மான்ஸ்ஃபீல்டு பார்க்'கையும் 'எம்மா'வையும் மறுபடி தன் பொறுப்பிலேயே வெளியிட்டார். மூன்று நாவல்களின் உரிமைக்குச் சேர்த்து ஜான் மரே 450 பவுண்டு தர முன்வந்தபோது மறுத்தார். கணக்குப்படி அது நல்ல முடிவல்ல. 'மான்ஸ்ஃபீல்டு பார்க்' இரண்டாம் பதிப்பின் நட்டத்தைக் கழித்தபின் 'எம்மா'வின் முதல் லாபமாக அவர் கைக்கு வந்தது 40 பவுண்டுக்கும் குறைவு. ஆனால் நட்டத்துக்குப் பணம் ஒதுக்கிவைத்து நடுங்கித் தொடங்கியவர், நான்காண்டுக்குள் சொந்தப் பொறுப்பையே விரும்பித் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்திருந்தார். வாசகர்கள் வந்துவிட்டபின் அவருக்குப் பதிப்பாளரின் ஒப்புதல் முன்போல் தேவைப்படவில்லை.

தமிழ் எழுத்தாளர்களைப் பற்றி இவ்வளவு நெருக்கமாக எழுத முடியாமைக்கு ஒரு காரணம் ஆவணங்கள் கைவசம் இல்லாதது. ஆஸ்டினின் 140 பவுண்டு ஒரு கடிதத்தால் தெரிகிறது. புரூஸ்டின் 300 ஃபிராங்கும் அப்படியே. நம் எழுத்தாளர்களின் குடும்பங்கள் கையெழுத்துப் படியைப் போற்றி வைக்கின்றன; அச்சக ரசீதையும், பிரதிகளை யாருக்கு அனுப்பினார் என்று எழுதிவைத்த நோட்டையும், விற்காத பிரதிகளைப் பற்றிக் கடைக்காரர் எழுதிய கடிதத்தையும் பழைய காகிதத்தோடு போட்டுவிடுகின்றன. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்கு நூல்களோடு இந்தக் காகிதங்களும் போய்ச் சேர வேண்டும். இன்று சொந்தமாக நாவல் வெளியிடுபவர்கள் தங்கள் செலவுக் கணக்கையும் நூலின் கடைசிப் பக்கத்தில் அச்சிடலாம். கையொப்பக்காரர் பட்டியலை அச்சிட்டவர்களின் மொழியில் அது புதிய வழக்கமாக இருக்காது.